ஒத்த வரிசை, ஒத்த காலம்

தமிழாசிரியர் இருவர் கல்லைப் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி எங்கள் கல்லூரியில் சில நாட்கள் நல்ல வேடிக்கைப் பொருளாக இருந்தது. "கல்வெட்டா?" என்று கேட்டார்கள். வெட்டு இல்லாத வெறுங்கல் என்று சொன்னோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது ஒரே துறையில் பதினெட்டு ஆண்டுகளாக அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் இருவரைக் குறிக்கும். எழுதுவது ஒரு கைதான். ஆனால் சொல்லப்போகும் பிழை இருவருக்கும் பொது; ஆகவே பன்மை.

எங்களை அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு ஆண்டுதோறும் மாணவர்களைக் கூட்டிச் சென்று பழகியவர். காரையின் நிலத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல்: அங்கே புல் பூண்டு அரிது. களிமண் மேடுகளை மழை அரித்து அரித்து, கூரிய முகடுகளும் ஆழ்ந்த ஓடைகளுமாக விட்டு வைத்திருக்கிறது. களியின் ஊடே ஜிப்சம் ஏடுகள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளைப்போல மின்னுகின்றன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியக் காலத்தின் நடுப்பகுதியில், கடலடியில் படிந்த களி அது. மேற்கே கரை, கிழக்கே ஆழம். இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி அந்நாளில் நீருக்கடியில் இருந்தது.

ஓடைக்குள் இறங்கியதும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, இரு சுவடிகளை ஒப்பிட்டுப் பழகிய எவரும் கேட்கக்கூடியதே. இங்கே இருக்கும் ஓர் அடுக்கும் நூறு கல் தொலைவில் இருக்கும் ஓர் அடுக்கும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இடையில் எல்லாம் அரிந்து போயிற்றே. நிறத்தையும் கல்லின் தன்மையையும் பார்த்தா?

பேராசிரியர் சிரித்தார். "நிறத்தைப் பார்த்துச் சொன்னவங்க ஏமாந்து போனாங்க தம்பி" என்றார்.

பிரிட்டனில் செம்மணற்கல் இரண்டு உண்டு. பழைய செம்மணற்கல், புதிய செம்மணற்கல் என்றே அவற்றுக்குப் பெயர். கண்ணுக்கு உறவினரைப்போல இருக்கும் இரண்டுக்கும் நடுவே நிலக்கரி அடுக்குகள் கிடக்கின்றன; கால இடைவெளி பல கோடி ஆண்டுகள். கரிக்காகக் கிணறு தோண்டுகிறவனுக்கு இது வெறும் புலமைச் சிக்கல் அன்று. புதிய செம்மணற்கல்லின் அடியில் கரி கிடைக்கலாம். பழையதைத் துளைத்துக்கொண்டு போனால் முதல் போட்டவன் தெருவில் நிற்க வேண்டியதுதான். மணல் எந்த யுகத்திலும் மணலே. கடற்கரை இருந்தால் மணல் இருக்கும். பாலைவனம் இருந்தால் சிவப்பு ஏறும். பாறை தன்னைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொள்கிறது.

திரும்ப எழுதாத ஒன்றைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஸ்மித். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. 1769இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சர்ச்சில் என்ற சிற்றூரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர், நில அளவையாளர். சாமர்செட்டில் நிலக்கரி கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டும் பணிக்கு அளவையாளராக அமர்ந்தபோது, மைல் கணக்கில் மண்ணின் வெட்டுமுகம் அவர் கண்முன் திறந்து கிடந்தது. களி, அதன்மேல் சுண்ணாம்புக்கல், அதன்மேல் மீண்டும் களி. ஒரு களியை இன்னொரு களியிலிருந்து கையால் தடவிப் பிரித்தறிய இயலாது. ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் சிப்பிகளும் சுருளோடுகளும் வெவ்வேறு. அந்த வேற்றுமையும் எங்கு போனாலும் அதே வரிசையில் வந்தது.

அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்பதை ஸ்டெனோ 1669இலேயே எழுதிவிட்டார். அது ஒரே இடத்தில் நின்று படிக்கும் இலக்கணம். இடம்விட்டு இடம் தாவுவதற்கு அது போதாது. தாவுவதற்குப் பாலம் ஸ்மித் கண்ட சிப்பிகள்தாம். பாத் நகரத்தருகே ரிச்சர்ட்சன் என்ற பாதிரியார் அழகழகான புதைபடிவங்களைச் சேர்த்து வைத்திருந்தார். எந்தப் படிவம் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. சேகரிப்பாளர்களின் வழக்கமான நோய். ஸ்மித் அவற்றை எடுத்து அடுக்குவாரியாகப் பிரித்து வைத்தார். சேர்த்தவருக்குத் தெரியாத பிறப்பிடத்தைப் பார்த்தவர் சொன்னார். 1799இல் அந்தப் பாதிரியாரும் நண்பரும் உடனிருக்க, கரியடுக்கிலிருந்து மேல்நோக்கிய அடுக்குகளின் பட்டியலை ஸ்மித் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான அவருடைய வண்ணப் படம் 1815இல் வெளிவந்தது. 1819இல் கடனுக்காகச் சிறை சென்றார். கனவான்களின் நிலவியல் சங்கம் 1820இல் போட்டிப் படம் ஒன்றை வெளியிட்டது. அதே சங்கம் 1831இல் தன் முதல் வொல்லஸ்டன் பதக்கத்தை அவருக்கே அளித்தது. பதிப்புத் துறையின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

அம்முறை ஏன் செல்லுபடியாகிறது என்பதை ஸ்மித் அறிந்திருக்கவில்லை. டார்வினின் நூல் வர நாற்பது ஆண்டுகள் இருந்தன. ஓர் உயிரினம் மறைந்தால் மறைந்ததே. அதே வடிவம் மறுபடி தோன்றுவதில்லை. எனவே அது இருந்த காலத்துக்கு அது முத்திரை ஆகிறது. ஆனால் எல்லா உயிரும் நல்ல முத்திரை ஆகிவிடாது. சிலவகைச் சிப்பிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி வாழ்ந்தவை. அவற்றைக் கொண்டு எதையும் கணிக்க இயலாது. வேண்டுவது வேறு: குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும், அதற்குள் உலகெங்கும் பரவியிருக்க வேண்டும், ஏராளமாக இருந்திருக்க வேண்டும், எளிதில் அடையாளம் காண வேண்டும். அம்மோனைட்டுகள் இந்நான்கிலும் தேறுகின்றன. கணவாயின் தூர உறவான அவை விரைவாக உருமாறின, கடலெங்கும் திரிந்தன, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்தன.

இதைக் கேட்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மொழியிலும் இதுவே நடக்கிறது. நிலைத்த சொற்கள் காலம் காட்டுவதில்லை. மலையும் மழையும் சங்கப் பாட்டிலும் உண்டு, நேற்றைய நாளிதழிலும் உண்டு. சில காலமே வழங்கி மறைந்த நாணயத்தின் பெயரோ, ஓர் ஆடையின் பெயரோ, ஒரு வரியின் பெயரோதான் நூலின் வயதைக் காட்டிக்கொடுக்கும்.

தென்னகத்துப் பாறைகள் ஐரோப்பியப் பாறைகளோடு முதலில் ஒப்பிடப்பட்ட கதையைப் பேராசிரியர் ஓடைக்கரையில் அமர்ந்தே சொன்னார். கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர் இருவர் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய மூன்று பகுதிகளில் சேகரித்த படிவங்கள் லண்டனுக்குச் சென்றன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இடையே வெள்ளாற்று வண்டலும் பெண்ணையாற்று வண்டலும் மூடியிருக்க, மூன்று தனித்தனித் திட்டுகளாகத் தெரியும் பாறைகள் இவை. மேசைமேல் பரப்பிய ஓடுகளைக் கொண்டு, இவை கிரீத்தேசியக் காலத்தவை என்றார் ஃபோர்ப்ஸ். எத்துணைத் துணிவு! ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இங்கிலாந்தின் அடுக்குகளோடு நம் ஊர்ப் புன்செய்க் காடுகளை அவர் கோத்துவிட்டார். அந்தப் பெரிய முடிவு இன்றளவும் நிற்கிறது.

ஆனால் ஒன்றில் தவறினார். மூன்றனுள் புதுச்சேரிப் படிவங்களே மிகப் பழையவை, கிரீத்தேசியத்தின் அடிப்பகுதியைச் சேர்ந்தவை என்று கருதினார். உண்மை நேர்மாறு. வழுதாவூர்ப் பக்கத்துப் பாறைகள் அக்காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. இதில் ஒரு நயம் உண்டு. புதுச்சேரிப் படிவங்களுள் சுருளாமல் நேராக வளர்ந்த ஓடுடைய அம்மோனைட் ஒன்று இருந்தது. அதற்கு முதலில் பெயர் சூட்டியவர் ஃபோர்ப்ஸே. இன்று யூபாக்குலைட்டிஸ் என்று வழங்கும் அந்த இனத்தை மேற்கு ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிலியிலும் கண்டிருக்கிறார்கள். எங்கும் அது கிரீத்தேசியத்தின் கடைசிக் கட்டத்துக்கு, அதாவது 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. தமக்கு எதிரான சாட்சிக்குத் தாமே பெயரிட்டுக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போனார் அம்மனிதர். 1854இல், நாற்பது வயதை எட்டுமுன் இறந்தார்.

லண்டன் மேசையில் முடியாததைக் கால்நடையாகச் செய்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவருடைய 1862ஆம் ஆண்டு அறிக்கை திருச்சிராப்பள்ளிப் பகுதியின் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஊட்டத்தூரும் அரியலூரும் உலக நிலவியலாளர் நாவில் புழங்கும் பெயர்கள் என்பது அவ்வூர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. படிவங்களைப் பற்றிய பெருநூல்களை எழுதிய ஸ்டோலிச்கா மொராவிய நாட்டினர். 1874இல் லடாக் மலையில், முப்பத்தாறு வயதில் உயிர்நீத்தார்.

வண்டல் மூடிய இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதற்கு இன்று ஆழ்துளைகள் உண்டு. பிரான்சின் பெஷெல்ப்ரானில் 1927இல் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழுவினர் ஒரு துளைக்குள் கருவியை இறக்கி, அடிக்கு அடி பாறையின் மின்தடையை அளந்து ஒரு கோடாக வரைந்தார்கள். இரு கிணறுகளின் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த மேடு அந்த மேடு, இந்தப் பள்ளம் அந்தப் பள்ளம் என்று பொருத்துவது அப்போது தொடங்கியது. காவிரிப் படுகையில் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறுகளிலும் அதுவே நடக்கிறது. துளையிலிருந்து மேலே வரும் கல்துகளில் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகளை நுண்ணோக்கியில் தேடிக் காலத்தைக் குறிக்கிறார்கள். அரியலூரில் காலில் இடறும் காலத்துப் பாறைகள் தஞ்சை வயல்களின் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன.

பிளான்ஃபோர்டின் அறிக்கை வந்த அதே 1862இல், லண்டன் நிலவியல் சங்கத்தில் ஹக்ஸ்லி ஓர் உரை நிகழ்த்தினார். எங்களை இரவில் உறங்கவிடாத உரை அது. இரண்டு இடங்களில் படிவங்கள் ஒரே வரிசையில் வருகின்றன என்பதால் அவை ஒரே காலத்தவை ஆகிவிடுமா என்று கேட்டார். ஒத்த வரிசை வேறு, ஒத்த காலம் வேறு என்றார். முன்னதற்கு ஹோமோடாக்சிஸ் என்று தனிப்பெயரே கொடுத்தார். பிரிட்டனில் டெவோனியக் கால உயிர்கள் வாழ்ந்தபோதே வட அமெரிக்காவில் அதற்கு முந்தியதாகக் கருதப்படும் உயிர்களும் ஆப்பிரிக்காவில் பிந்தியவையும் வாழ்ந்திருக்கலாம். இல்லையென்று மெய்ப்பிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். அவ்வளவு தூரம் அஞ்ச வேண்டியதில்லை என்று பின்னர்த் தெரிந்தது. ஆனாலும் கேள்வி முழுதும் சாகவில்லை.

பேராசிரியர் இதை விளக்கக் கையால் தரையில் ஒரு கோடு கிழித்தார். கடல் மெல்ல மெல்ல நிலத்தின்மேல் ஏறி வருகிறது என்று வையுங்கள். கரையோரத்தில் மணல் படிகிறது. சற்று ஆழத்தில் களி. இன்றைய கரை நாளைக்கு ஆழமாகிறது, கரை மேற்கே நகர்கிறது, மணலும் நகர்கிறது. இருபது லட்சம் ஆண்டு கழித்துப் பார்த்தால், கிழக்கு மேற்காக அறுபடாத ஒரே மணற்கல் விரிப்பு. ஆனால் அதன் கிழக்கு முனை முந்தியது, மேற்கு முனை பிந்தியது. ஒரே அடுக்கின்மேல் நடந்து போகிறவன் தன்னை அறியாமல் காலத்தின் ஊடே நடக்கிறான். "பாறை ஒண்ணுதான், காலம் ஒண்ணு இல்ல" என்றார்.

அவ்வாறெனில் உண்மையில் ஒரே கணத்தைக் காட்டுவது எது? எரிமலைச் சாம்பல். ஒரு வெடிப்பில் எழுந்த சாம்பல் சில நாட்களில், சில வாரங்களில் ஆயிரம் மைல் பரப்பில் படிந்துவிடும். நிலவியல் கணக்கில் அது ஒரு கணம். அதிலுள்ள படிகங்களின் கதிரியக்கத்தைக் கொண்டு வயதையும் எண்ணில் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் புவெப்ளோ நகரத்தருகே உள்ள அடுக்குகளில் இத்தகைய சாம்பல் களிகள் இடையிடையே வருகின்றன. கிரீத்தேசியத்தின் செனோமேனியன், டுரோனியன் என்னும் இரு கட்டங்களுக்கு இடையிலான எல்லைக்கு உலகப் பொது அளவுகோலாக அவ்விடமே ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அம்மோனைட் முதன்முதலாகத் தோன்றும் அடுக்கின் அடியில் எல்லை. வயது ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டு. காரையின் களியும் அந்த எல்லையைத் தாண்டிப் படிந்ததுதான். நாங்கள் நின்றிருந்த ஓடையின் வயதைச் சொல்ல வேண்டுமானால், கொலராடோவில் யாரோ அடித்த முளையிலிருந்தே அளக்க வேண்டியிருக்கிறது.

சாம்பலினும் துல்லியமானது ஒன்றுண்டு. இத்தாலியின் குப்பியோ ஊருக்கருகில் ஒரு சென்டிமீட்டர் அளவேயான களியடுக்கில் இரிடியம் என்னும் அருந்தனிமம் மிகுந்திருப்பதை அல்வாரெஸ் தந்தையும் மகனும் இரு வேதியியலாளரும் 1980இல் வெளியிட்டார்கள். டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே உயரத்தில் அதே களி. விண்ணிலிருந்து விழுந்த ஒன்றின் தூசி அது. அம்மோனைட்டுகளின் கதை அக்கோட்டோடு முடிகிறது. அங்கே மட்டும் வரிசையும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. நம் இலக்கிய வரலாற்றுக்கு அப்படி ஒரு தூசி விழுந்திருக்கக் கூடாதா என்று நண்பர் பெருமூச்சு விட்டார்.

இனி எங்கள் பிழை. 2009இல் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். காலம் அறியப்படாத ஒரு தலபுராணச் சுவடி. அதன் வினைமுற்றுகள், உவம உருபுகள், அருஞ்சொற்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, காலம் உறுதியான வேறொரு நூலோடு ஒப்பிட்டு, இரண்டும் 14ஆம் நூற்றாண்டு என்று நிறுவினோம். பட்டியல் நீளமானது, பாராட்டுக் கிடைத்தது. ஒரு சிற்றிதழில் வந்தது. 2012இல் எங்கள் மாணவர் ஒருவர் அதை அடித்தளமாகக் கொண்டு எம்.ஃபில். ஆய்வேடு எழுதிப் பட்டமும் பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே நூலின் முழுமையான சுவடி ஒன்று எங்கள் பார்வைக்கு வந்தது. நாங்கள் பார்த்ததில் சிதைந்திருந்த ஏட்டில், நகர் வருணனையின் நடுவே, காவலர் கையில் துப்பாக்கி இருந்தது. துருக்கிய மூலம் கொண்ட சொல். 14ஆம் நூற்றாண்டுத் தமிழனுக்கு அப்பொருளும் இல்லை, சொல்லும் இல்லை.

முதலில் இடைச்செருகல் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். இடைச்செருகல் என்பது நம் துறையில் எத்தனை வசதியான சொல்! அந்தச் செய்யுள் அந்தாதித் தொடையில் முன்னும் பின்னும் கோக்கப்பட்டிருந்தது. பிடுங்கினால் மாலை அறும். தெரிந்தும் எவரிடமும் சொல்லாமல் இருந்தோம். கேட்டவர் யாரும் இல்லை என்பதே காரணம்.

காரை ஓடையில் மாலை நாலு மணிக்குப் பேராசிரியர் குனிந்து எதையோ பொறுக்கினார். விரல் நீளத்தில், சுருட்டுப்போன்ற கல். பெலம்நைட், அதுவும் கணவாயின் பழைய உறவுதான். மேட்டுக் களியிலிருந்து மழை கழுவி ஓடைத் தரைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. இன்னொரு கையால் அதன் பக்கத்திலேயே மணலில் புதைந்திருந்த ஒன்றை எடுத்தார். தண்ணீர்ப் புட்டியின் நீல நிறப் பிளாஸ்டிக் மூடி.

"இந்த ஓடை மணல் இறுகிக் கல்லாப் போச்சுன்னு வைங்க தம்பி. ரெண்டும் ஒரே அடுக்குல கெடக்கும். பின்னால வர்றவன் எதை வச்சு வயசு சொல்லணும்?"

நாங்கள் விடை சொல்லவில்லை. அவரே சொன்னார். பழைய அடுக்கு அரிந்து, அதிலுள்ள படிவம் புதிய அடுக்கில் மீண்டும் படிவது எங்கும் நடப்பது. ஓர் அடுக்கில் எத்தனை பழம்பொருள் இருந்தாலும் கணக்கில்லை. இருப்பவற்றுள் மிக இளையது எதுவோ அதைவிட அடுக்கு மூத்ததாக இருக்க முடியாது. ஆயிரம் பெலம்நைட் ஒரு பக்கம் கிடக்கட்டும், மூடி ஒன்று போதும். பழைய படிவங்கள் உருண்டு தேய்ந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும். கவனித்துப் பார்த்தால் வந்தேறி என்று தெரிந்துவிடும் என்று பெலம்நைட்டை எங்களிடம் நீட்டினார். முனை மழுங்கித்தான் இருந்தது.

எங்கள் பட்டியலின் அருஞ்சொற்களும் அப்படித்தான் இருந்தன என்பது அப்போதே நினைவுக்கு வந்தது. தலபுராணம் பாடிய புலவர் பழைய நூல்களை ஊன்றிக் கற்றவர். கற்றதை அள்ளிப் பெய்தவர். அச்சொற்களுள் சில பொருள் சற்றே பிறழ்ந்து நின்றதை அந்நாளிலேயே கண்டோம். 'பொருள் விரிவு' என்று அடிக்குறிப்பு எழுதிக் கடந்துவிட்டோம்.

பெலம்நைட்டைத் திரும்ப அதே இடத்தில் போடச் சொன்னார். இடம் தெரியாத படிவம் அலமாரிக்கு அழகு, சாட்சிக்கு உதவாது. இங்கே இருப்பதை இங்கேயே விட்டுப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. மூடியை மட்டும் நண்பர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கட்டுரை வந்த சிற்றிதழ் நின்று போய்விட்டது. இதழை நடத்தியவருக்குக் கடிதம் எழுதினோம். மாணவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். துப்பாக்கிச் செய்யுளைப் படித்துக் காட்டியபோது மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "ஐயா, என் ஆய்வேட்டை மேற்கோள் காட்டி இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்களே" என்றார். அவ்விருவர் பெயரையும் முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஒருவருக்கு எழுதியாயிற்று. மற்றவர் எங்கள் கட்டுரையினும் ஒரு நூற்றாண்டு முன்னே போய், 13 என்று எழுதியிருக்கிறாராம். அவருக்கான கடிதம் இன்னும் மேசைமேல் இருக்கிறது.